நெபுலைசர் மருந்துக் கிண்ணத்தைக் கழுவலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்

அரூர் மருமகள்:

என் மாமியாருக்கு வயது 68. நீண்ட நாள் ஈளை. விறகடுப்புப் புகையும் புளித் தூசியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன என்று மருத்துவர் சொல்கிறார். எங்களுடையது புளி வியாபாரம் செய்கிற வீடு. தை பிறந்தால் சித்திரை வரை திண்ணை, தாழ்வாரம், மாட்டுக்கொட்டகை எங்கும் புளியம்பழம்தான். "அந்தப் பக்கம் போகாதீர்கள் அத்தை" என்றால், கூலிக்கு வந்தவர்கள் கொட்டையோடு சதையையும் சேர்த்து எறிந்துவிடுவார்கள் என்று சொல்லி முறத்தோடு போய் உட்கார்ந்துகொள்வார். அவரை மாற்ற என்னால் ஆகாது. மருந்தைப் புகை போலாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசரையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

தருமபுரியில் வாங்கிய இயந்திரம். கம்ப்ரசர் வகை, நல்ல இரைச்சல் போடும். காலையும் மாலையும் சால்பூட்டமாலும் இப்ராட்ரோபியமும் கலந்த மருந்து, அதற்குப் பிறகு பியூடசோனைடு. வாங்கிய புதிதில் ஒரு குப்பி மருந்து பத்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். இப்போது இருபது நிமிடம் தாண்டியும் கிண்ணத்தில் மருந்து நிற்கிறது, புகையும் மெலிந்துவிட்டது. கிண்ணத்தின் அடியில், நடுவில் நிற்கும் சிறு குழாயைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

மருந்துக் கடையில் கேட்டால், "தண்ணீர் பட்டால் கெட்டுவிடும், துணியால் துடைத்து வையுங்கள்" என்கிறார்கள். சேலத்தில் இருக்கும் என் நாத்தனார் தினமும் கொதிக்க வைக்கச் சொல்கிறார். கொழுந்தனார் ஊக்கை எடுத்துக்கொண்டு நிற்கிறார், அந்த ஓட்டையைக் குத்திவிட வேண்டுமாம். அத்தையோ, "வெண்கலப் பாத்திரத்தையே புளி போட்டுப் பளபளப்பாக்குகிறோம், இந்தப் பிளாஸ்டிக்குக்கு என்ன கேடு" என்கிறார்.

எங்கள் வீட்டில் புழக்கத்துக்குப் போர்த் தண்ணீர். குளித்தால் தலைமுடி கயிறாகிவிடும், அவ்வளவு உப்பு. ஒகேனக்கல் தண்ணீர் விட்டு விட்டு வரும், அதைக் குடிப்பதற்குப் பிடித்து வைப்போம். எந்தத் தண்ணீரில் கழுவ வேண்டும், எதைக் கழுவக் கூடாது, அந்த நீளக் குழாயையும் கழுவ வேண்டுமா? எங்கள் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது உங்களுக்கே தெரியும். அது மருந்தோடு சேர்ந்து மூச்சில் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி:

எதற்கு இவ்வளவு யோசனை? கிண்ணம், குழாய், மாஸ்க் எல்லாம் சேர்ந்த செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புதிதாக மாட்டுங்கள், வேலை முடிந்தது.

அரூர் மருமகள்:

அண்ணா, வாங்கலாம். ஆனால் என்ன காரணத்தால் அடைத்தது என்று தெரியாமல் புதிது வாங்கினால் அதுவும் அதே தண்ணீரில்தானே கழுவப்படும்? பிறகு மாதம் ஒன்று வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விவரம் தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

பழையபேட்டை மெக்கானிக்:

அம்மா, நான் கிருஷ்ணகிரியில் மருத்துவக் கருவிகள் பழுது பார்க்கிறவன். நெபுலைசர், ஆக்சிஜன் இயந்திரம், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் வரும். மருத்துவம் எனக்குத் தெரியாது, கருவி தெரியும். அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் கொழுந்தனார் கையிலிருந்து ஊக்கை வாங்கி வையுங்கள். கிண்ணத்தின் நடுவில் நிற்கும் அந்தச் சிறு குழாயின் நுனியில்தான் காற்று வெளியேறும் ஓட்டை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று அந்த இடுக்கில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அதனால் அடியில் நிற்கும் மருந்து தானாக மேலே இழுக்கப்பட்டுக் காற்றோடு சேர்ந்து சிதறுகிறது. சிதறியது எதிரே இருக்கும் தடுப்பில் மோதி இன்னும் பொடியாகிறது. பெரிய துளிகள் கிண்ணத்திலேயே விழுந்துவிடும், நுண்துளிகள் மட்டும் வெளியே வரும். ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரை உள்ள துளிதான் நுரையீரலின் உள்ளே போய்ச் சேரும். ஊக்கால் குத்தி அந்த ஓட்டை கொஞ்சம் அகன்றாலும் கோணினாலும் துளி பெரிதாகிவிடும். புகை வருவது போலத்தான் தெரியும், ஆனால் மருந்து வாயிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குப் போகாது. அது கண்ணுக்குத் தெரியாத பழுது, அதனால்தான் எனக்கு ஊக்கு மீது இவ்வளவு கோபம்.

துடைத்தால் போதும் என்று சொன்ன கடைக்காரர் இயந்திரத்தை நினைத்துச் சொல்லியிருப்பார். மோட்டார் இருக்கும் பெட்டியில் தண்ணீர் படக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும், அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு. கிண்ணம் கழுவுவதற்கென்றே கழற்றும்படி செய்யப்பட்டது.

அந்த வெள்ளைப் படிவு என்னவென்று பார்க்க எளிய வழி உண்டு. கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். கரைந்துவிட்டால் அது மருந்தோடு சேர்ந்திருக்கும் சலைனில், அதாவது உப்பு நீரில், இருக்கும் உப்பும் மருந்தின் மிச்சமும் காய்ந்தது. உபயோகித்தவுடன் கழுவாமல் விட்டதால் வந்தது. கரையாமல் சொரசொரப்பாக நின்றால் அது உங்கள் போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பொருக்குப் பொருக்காகப் பிடிக்கிறதே, அதே சரக்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டும் இருக்கும்.

சுண்ணாம்புக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர். வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, அதில் கிண்ணத்தைப் பிரித்துப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். எடுத்து நன்றாக அலசுங்கள். வாடை போகாவிட்டால் மறுபடியும் அலசுங்கள், வினிகர் வாடையோடு அந்த அம்மாவுக்கு வைத்தால் இருமல் கிளம்பும். புளி வேண்டாம். உங்கள் அத்தை சொல்வது வெண்கலத்துக்குச் சரி. புளியின் புளிப்பும் சுண்ணாம்பைக் கரைக்கும்தான், ஆனால் எவ்வளவு வடிகட்டினாலும் அதில் சக்கை இருக்கும், அந்தச் சக்கை போய் உட்கார அந்த ஓட்டையை விட வசதியான இடம் கிடையாது.

கழுவும்போது ஒரு விஷயத்தில் கண்ணாக இருங்கள். பல கிண்ணங்களில் அந்தச் சிறு குழாயின் மேல் தொப்பி போல ஒரு துண்டு தனியாகக் கழன்று வரும். அது கழுவுகிற தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். பிறகு மருந்து ஊற்றி ஓட்டினால் காற்று மட்டும் வரும், புகை வராது. "இயந்திரம் செத்துவிட்டது" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறவற்றில் கணிசமானவை இந்தத் தொப்பி தொலைந்த கேஸ்தான். குழாயடியில் கழுவாமல் ஒரு கிண்ணிக்குள் வைத்துக் கழுவுங்கள்.

நீளக் குழாயைக் கழுவாதீர்கள். அதற்குள் காற்று மட்டும்தான் போகிறது, மருந்து போவதில்லை. கழுவினால் உள்ளே ஈரம் தங்கிவிடும், அவ்வளவு ஒடுக்கமான குழாயை யாராலும் காயவைக்க முடியாது. உள்ளே நீர்த்துளி தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சில நிமிடங்கள் சும்மா ஓட விடுங்கள், காற்றே உலர்த்திவிடும். கறுத்துப்போனாலோ பூஞ்சை தெரிந்தாலோ குழாயை மாற்றிவிட வேண்டியதுதான்.

இன்னொன்று. கிண்ணத்தை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன்னால் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் சிறிய வட்ட மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே காற்று வடிகட்டி இருக்கும், வெள்ளைப் பொட்டு மாதிரி. புளி உடைக்கிற வீட்டில் அது வெள்ளையாக இருந்தால்தான் ஆச்சரியம். பழுப்போ சாம்பலோ ஆகியிருந்தால் கழுவிப் போடாமல் புதிது போடுங்கள். இயந்திரத்தைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்து, புளி இருக்கும் பக்கம் கதவைச் சாத்திவிட்டு ஓட்டுங்கள். மாலையில் உங்கள் ஊரில் மின்னழுத்தம் இறங்குமானால் கம்ப்ரசரும் இளைக்கும், அப்போதும் புகை மெலியும். காலையில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஓசூர் நண்பர் சொன்னபடி ஒரு புதுக் கிண்ணம் வாங்குவதும் நல்லதுதான், ஆனால் பரிசோதனைக்காக. புதிது மாட்டியும் புகை மெலிவாகவே வந்தால் குற்றம் இயந்திரத்தில். நன்றாக வந்தால் குற்றம் பழைய கிண்ணத்தில்.

காவேரிப்பட்டணத்தான்:

அண்ணா, குறுக்கே ஒரு சந்தேகம். என் சித்தப்பா மகன் லண்டனில் இருக்கிறான். அவன் எலக்ட்ரானிக் சிகரெட் பிடிப்பான். அதிலும் இப்படித்தான் திரவம் புகையாகும் ஒரு பாகம் இருக்கிறது, அட்டமைசர் என்பான். வாரம் ஒருமுறை கழற்றிச் சாராயத்தில் ஊறப்போட்டு எடுப்பானாம். அதே மாதிரி இதையும் ஸ்பிரிட்டில் போட்டு எடுத்தால் கிருமியும் போகும், அழுக்கும் போகுமே?

பழையபேட்டை மெக்கானிக்:

தம்பி, இரண்டும் புகை மாதிரி எதையோ விடுகின்றன என்பதோடு ஒற்றுமை முடிந்தது. நெபுலைசர் கிண்ணத்தில் சூடே கிடையாது, காற்றுதான் மருந்தைப் பொடியாக்குகிறது. எலக்ட்ரானிக் சிகரெட்டிலோ ஒரு கம்பிச்சுருள் மின்சாரத்தில் சூடாகி, பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும் திரவத்தை ஆவியாக்குகிறது. கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், நிக்கோட்டின், வாசனை, இனிப்பு எல்லாம் அந்தத் திரவத்தில் உண்டு. இனிப்பு கம்பியில் கருகிக் கறுப்புப் பொருக்காகப் படியும், பஞ்சும் தீயும். சாராயத்தில் ஊறவைத்தால் பழைய வாசனை கொஞ்சம் போகும், கருகிய பஞ்சு எப்படித் திரும்பி வரும்? பஞ்சோடு மூடி வருகிற சுருளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாற்றுவதுதான் அங்கே வழக்கம். பஞ்சைத் தனியாக மாற்றக்கூடிய வகையில்தான் சுத்தம் செய்வதற்கு அர்த்தம் உண்டு: பழைய பஞ்சை எடுத்துவிட்டு, கம்பியைத் துலக்கி, அலசி, முழுக்கக் காயவிட்டுப் புதுப் பஞ்சு வைப்பார்கள். சாராய ஈரம் காயாமல் சூடேற்றினால் தீப்பிடிக்கும். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், வெறுங்கையால் கழுவக் கூடாது. உன் அண்ணனிடம் இதையும் சொல்.

ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிடு. இந்தியாவில் 2019-இல் சட்டம் போட்டுத் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமித்து வைத்தல் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார்கள். முதல் தடவை பிடிபட்டாலே ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்திருந்ததற்குத் தனியாக ஆறு மாதம் வரை. பெங்களூரில் இறங்கி ஓசூர் வழியாக வருகிறவர்கள் ஒரு பொட்டலத்தை நீட்டி, "இதைச் சரி செய்ய முடியுமா அண்ணா" என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். தொடவே மாட்டேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி:

மெக்கானிக் தம்பி கருவியைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஒரே இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும். கிருமிக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. சில நிறுவனங்கள் தங்கள் கையேட்டில் வினிகரே போதும் என்று எழுதுகின்றன என்பது தெரியும். ஆனால் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் ஈரமான கிண்ணத்தில் ஆனந்தமாக வளரும். நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருக்கும் ஒருவருக்கு அந்தக் கிருமியை நாமே புகையாக்கி உள்ளே அனுப்புவது போல ஆகிவிடும். ஆகவே நாத்தனார் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

இப்படிச் செய்யுங்கள் அம்மா. ஒவ்வொரு முறை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கிண்ணத்தைப் பிரித்து மிச்ச மருந்தைக் கொட்டிவிடுங்கள். புகை நின்று 'கொர கொர' என்று சத்தம் வரும்போதும் அடியில் ஏறக்குறைய ஒரு மில்லி மருந்து நிற்கும். அது இயல்புதான், தீரவில்லையே என்று மறுபடியும் ஓட்ட வேண்டாம், அடுத்த வேளைக்கு வைக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் அலசி, உதறி, சுத்தமான வெள்ளைத் துணியில் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுவதுதான் எல்லாவற்றையும் விட மோசம். கழுவாமல் காயவிட்டதைக் கூட மன்னிக்கலாம், கழுவி ஈரத்தோடு மூடியதை மன்னிக்க மாட்டேன். நாளுக்கு ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவுங்கள். அதன் பிறகு கிண்ணத்தையும் வாய்க்குழாயையும் ஐந்து நிமிடம் கொதி நீரில் போட்டு எடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அட்டைப் பெட்டியிலோ கையேட்டிலோ கொதிக்க வைக்கலாம் என்று இருக்கிறதா பாருங்கள், ஒரு முறை உபயோகத்துக்கென்று வரும் மலிவான கிண்ணம் கொதி நீரில் வளைந்துவிடும். மாஸ்க்கைக் கொதிக்க வைக்கவே வேண்டாம், சோப்பு நீர் போதும். ஸ்பிரிட் பற்றி அந்தத் தம்பி கேட்டது தவறான கேள்வியில்லை. 70 சதவீத ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் ஐந்து நிமிடம் ஊறவைக்கும் முறையும் இருக்கிறது, அதற்குப் பிறகு கொதித்து ஆறிய நீரில் நன்றாக அலச வேண்டும். அடுப்பு எரிகிற வீட்டில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் விஷயம். அலசவும் கொதிக்க வைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுங்கள், ஆற்று நீர் என்பதால் சுண்ணாம்பு குறைவு. போர்த் தண்ணீரில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், வெள்ளை கூடும். ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். அதனால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் திட்டத்தையே கொண்டுவந்தார்கள். ஆனால் உங்கள் பயத்துக்கு இங்கே இடமில்லை. ஃபுளோரைடு கெடுதல் செய்வது ஆண்டுக்கணக்கில் குடிப்பதாலும் சமைப்பதாலும்தான், உதறிக் காயவைத்த கிண்ணத்தால் அல்ல. மருந்தோடு கலப்பதற்கு மட்டும் எந்தத் தண்ணீரும் கூடாது. குடிநீரும் கூடாது, கேன் தண்ணீரும் கூடாது, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கூடவே கூடாது. மருத்துவர் சொல்லியிருந்தால் நார்மல் சலைன் மட்டும். திறந்த சலைன் குப்பியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். ஐந்து ரூபாய்க்குப் பார்த்து நுரையீரலில் கிருமியை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கிண்ணத்தைக் கழுவுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பியூடசோனைடு வைத்த பிறகு அத்தை வாய் கொப்பளிக்கிறாரா? அது ஸ்டீராய்டு. வாயில் தங்கினால் நாக்கிலும் உள் கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். கொப்பளித்துத் துப்ப வேண்டும், மாஸ்க் போட்டால் முகத்தையும் கழுவ வேண்டும். மருந்து வைக்கும்போது படுத்திருக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார வேண்டும்.

புகை மெலிந்து இருபது நிமிடம் ஆன நாட்களில் அத்தைக்கு மூச்சு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மருந்து சரியாகப் போகாமல் இருந்திருக்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார். ஸ்பேசர், அதாவது இன்ஹேலரின் வாயில் மாட்டும் கூடு, வைத்து இன்ஹேலர் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். பலருக்கு அது நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்கிறது, மின்சாரமும் வேண்டாம், இத்தனை கழுவலும் வேண்டாம். நெபுலைசர் வைத்த பிறகும் பேச முடியாமல் இளைத்தாலோ உதடு நீலம் பூத்தாலோ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-க்கு அழையுங்கள்.

அரூர் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணன் சொன்னபடி வெந்நீரில் போட்டேன், பாதி கரைந்தது, பாதி நின்றது. நின்றது வினிகரில் போய்விட்டது. வடிகட்டியைத் திறந்தேன். புளி ஓட்டின் நிறத்தில் இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தருமபுரியிலிருந்து வடிகட்டி வாங்கி வரச் சொல்லிப் போட்ட பிறகு மருந்து பழையபடி பத்து நிமிடத்தில் தீர்கிறது. கொழுந்தனார், தான் குத்தியிருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

செவிலியர் அம்மா, அத்தை கொப்பளிப்பதில்லை. கொப்பளித்தால் மருந்து வீணாகிவிடும் என்று விழுங்குவாராம். இன்றுதான் எனக்கே தெரிந்தது. நாக்கைப் பார்த்தேன், வெள்ளை எதுவும் தெரியவில்லை. ஸ்பேசர் பற்றி வரும் திங்கட்கிழமை மருத்துவரிடம் கேட்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டில் நான்கு வயதுக் குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது. இரவில் அவசரமானால் இந்த இயந்திரத்தைத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கொதிக்க வைத்துவிட்டுக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி:

பெட்டியைக் கொடுக்கலாம். கிண்ணம், மாஸ்க், குழாய் மூன்றையும் கொதிக்க வைத்தாலும் கொடுக்காதீர்கள். குழந்தைக்கென்று சிறிய மாஸ்க் உள்ள செட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்ளட்டும், பெரியவர்கள் மாஸ்க் குழந்தை முகத்தில் பொருந்தாது, மருந்தெல்லாம் கண்ணுக்குப் போகும். உங்கள் அத்தையின் மருந்துக் குப்பியையும் கொடுக்க வேண்டாம், குழந்தைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் குழந்தைகள் மருத்துவர் எழுதித் தர வேண்டும். இப்போதே பகலில் அரூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள், இரவு அவசரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

பழையபேட்டை மெக்கானிக்:

கொடுத்து வாங்கினால் பிளக்கையும் பாருங்கள். இரவல் போய் வருகிற இயந்திரங்களுக்கு முதலில் போவது ஒயர்தான்.